பேஸ் கிட்டாரை இறக்கி வைத்த பாடகர்: ஸ்டிங்கின் முதல் தனி ஆல்பம், டர்பன் குழுக்களுக்காக ஒரு நிகழ்வு ஆய்வு

ராக் பாடகர் ஒருவர் ஜாஸ் பக்கம் திரும்பித் தனி ஆல்பம் போட நினைத்தால், டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஒத்திகை அறைக்குள் எழும் முதல் கேள்வி "என்ன கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) போடலாம்?" என்பதுதான். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. யாரோடு வாசிப்பது, அவர்களுக்காகப் பாடகர் எதை விட்டுத் தருவது? 'தி போலீஸ்' ராக் குழுவின் பாடகர் ஸ்டிங் 1985 ஜூனில் வெளியிட்ட 'தி ட்ரீம் ஆஃப் தி ப்ளூ டர்ட்டில்ஸ்' இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் சொன்ன ஆல்பம். அது எங்கே ஜெயித்தது, எங்கே குறைபட்டது, இங்கே டர்பனில் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பாட்டுப் பாட்டாகப் பார்ப்போம்.

டர்பனுக்கு ஜாஸ் புதிதல்ல. விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச், 1950களில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஜாஸ் கேட்ட இடம். சன்னி பிள்ளை அந்தக் காலத்துப் பாடகர். லயனல் பிள்ளையின் பியானோவை இன்றும் தேடிக் கேட்கிறார்கள். 1983இல் ஜாஸ் பியானோக் கலைஞர் டேரியஸ் புரூபெக் நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஜாஸ் பாடம் தொடங்கினார். இப்படிப்பட்ட ஊரில் ஜாஸ் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. கிடைத்தவரை எந்த இடத்தில் உட்காரவைப்பது என்பதில்தான் குழுக்கள் தடுமாறுகின்றன.

ஆள் சேர்ந்த விதம்

'தி போலீஸ்' குழுவின் 'சிங்க்ரோனிசிட்டி' சுற்றுப்பயணம் 1984 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் முடிந்தது. முந்தைய வருஷம் 'எவ்ரி பிரெத் யூ டேக்' அமெரிக்காவில் 8 வாரம் முதலிடத்தில் நின்றிருந்தது. உலகத்தின் மிகப் பெரிய ராக் குழு என்று சொல்லத்தக்க நிலையில் அதன் பாடகர் தனியே வெளியே வந்தார். அவருக்கு ஜாஸ் புதுப் பழக்கமும் அல்ல. பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் ஃபீனிக்ஸ் ஜாஸ்மென், லாஸ்ட் எக்ஸிட் ஆகிய குழுக்களில் பேஸ் வாசித்தவர். 'ஸ்டிங்' என்ற பட்டப்பெயரே ஜாஸ் குழுவில் கிடைத்ததுதான்.

நியூயார்க்கில் அவர் சேர்த்த நால்வரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சாக்ஸஃபோனுக்கு பிரான்ஃபர்டு மார்சாலிஸ், கீபோர்டுக்கு கென்னி கிர்க்லண்டு: இருவரும் டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸின் ஜாஸ் குழுவில் இருந்தவர்கள். பேஸுக்கு டாரில் ஜோன்ஸ், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து வந்தார். டிரம்ஸுக்கு ஓமர் ஹக்கீம், வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் வாசித்தவர், டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்திலும் வாசித்தவர். பின்குரலுக்கு டோலெட் மெக்டொனால்டு, ஜானிஸ் பெண்டார்விஸ்.

இந்த நால்வரில் இரண்டு வகை இருக்கிறது. மார்சாலிஸும் கிர்க்லண்டும் நுட்பமான அக்கூஸ்டிக் ஜாஸில் ஊறியவர்கள். ஜோன்ஸும் ஹக்கீமும் ஃபங்க், ராக், ஜாஸ் எல்லாவற்றிலும் கால் வைத்தவர்கள். அதாவது அடித்தளம் ராக் ரசிகனுக்குப் பழகியது, மேல்தளம் சுதந்திரமானது. நால்வரும் மேல்தளத்து ஆட்களாக இருந்திருந்தால் பாட்டு மிதந்துபோயிருக்கும். நால்வரும் அடித்தளத்து ஆட்களாக இருந்திருந்தால் சாக்ஸ் வெறும் அலங்காரமாக நின்றிருக்கும். டர்பனில் ஆள் எடுக்கும்போதும் இந்தக் கலவையை முதலில் பாருங்கள்: டிரம்ஸும் பேஸும் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவிலும் கிளப்பிலும் நான்கு மணி நேரம் தாளம் விடாமல் வாசித்துப் பழகியவர்களாக இருக்கட்டும். கீபோர்டும் சாக்ஸும் ஜாஸ் படித்தவர்களாக இருக்கட்டும்.

இதற்கு விலையும் உண்டு. அண்ணன் பிரான்ஃபர்டும் கிர்க்லண்டும் ராக் பாடகரோடு போனது தம்பி விண்டனுக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு குழுவிலிருந்து இருவரை ஒரே நேரத்தில் எடுத்தால் அந்தக் குழு நிலைகுலையும். சின்ன ஊரில் இது இன்னும் வேகமாகக் கசப்பாகும். இருவரில் ஒருவரை வேறு இடத்திலிருந்து எடுப்பது நல்லது.

பேஸைக் கொடுத்தது

இந்த நிகழ்வின் மையம் இதுதான். போலீஸ் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஸ்டிங் தானே. அந்தக் குழுவின் நடையில் பாதி அவருடைய பேஸில் இருந்தது. தனி ஆல்பத்தில் அதை அப்படியே ஜோன்ஸிடம் கொடுத்துவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டார், அதையும் அடக்கமாகவே வாசித்தார். 'மூன் ஓவர் போர்பன் ஸ்ட்ரீட்' பாட்டில் மட்டும் டபுள் பேஸை அவரே வாசிக்கிறார்.

பேஸ் வாசித்துக்கொண்டே பாடுபவர், தன் குரல் எங்கே மூச்செடுக்கிறதோ அதற்கேற்பப் பேஸ் வரியைத் தெரியாமலே எளிமையாக்கிக்கொள்வார். பேஸ் வேறொருவர் கைக்குப் போனதும் இரண்டும் அவிழ்கின்றன. குரல் தாளத்துக்குப் பின்னால் சற்றுத் தளர்ந்து வரலாம், பேஸ் முன்னால் நடக்கலாம். 'கன்சிடர் மீ கான்' பாட்டைக் கவனித்துக் கேட்டால் குரலும் பேஸும் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியே நடப்பது புரியும். பாடகர் கையிலிருக்கும் முக்கிய வாத்தியத்தை வேறொருவருக்குத் தராமல் ஜாஸ் சாயல் தேடுவது வீண் முயற்சி என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்து ஒத்திகை முறை. 1985 தொடக்கத்தில் குழு கூடியது. பிப்ரவரியில் நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் மேடை ஏறிப் பாட்டுகளைச் சோதித்தது. பிறகுதான் ஒலிப்பதிவு: பார்படோஸில் எடி கிராண்டின் ப்ளூ வேவ் ஸ்டூடியோ, கனடாவின் கியூபெக்கில் லே ஸ்டூடியோ. தயாரிப்பு ஸ்டிங்கும் பீட் ஸ்மித்தும். ஜூனில் ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. இந்த வேகம் சாத்தியமானதற்குக் காரணம் பாட்டுகள் ஏற்கெனவே எழுதி முடிந்து, மேடையில் அடிபட்டு வந்திருந்ததுதான். புது ஆட்களைக் கூட்டி ஸ்டூடியோவில் வைத்துப் பாட்டு எழுத உட்கார்ந்தால், மணிக்கணக்கில் வாடகை ஓடும், வாசிப்பில் பயமும் ஏறும்.

பாட்டுகள்

மொத்தம் 10 பாட்டு, ஏறக்குறைய 41 நிமிடம். எல்பி தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம். பக்கம் நீண்டால் பள்ளங்கள் நெருங்கி ஒலியளவு குறையும். அதனால் ஒவ்வொரு பாட்டிலும் தனி வாசிப்புக்குக் கிடைத்த இடம் சில சுற்றுகள் மட்டுமே. கீர்த்தனை முழுதாக இருக்கிறது, நிரவலை (ஒரு வரியை எடுத்து விரித்துப் பாடும் பகுதியை) சுருக்கிவிட்டார்கள் என்று சொன்னால் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்.

பாடமாக எடுத்துக்கொள்ள மிகச் சிறந்தது 'ஷேடோஸ் இன் தி ரெயின்'. இது 1980இல் போலீஸ் குழுவின் 'ஸென்யாட்டா மொண்டாட்டா' ஆல்பத்திலேயே வந்த பாட்டு. அங்கே மெதுவான நடை, எதிரொலி சூழ்ந்த கிட்டார், இருண்ட சூழல். 1985இல் அதே வரிகள் வேகமான ஷஃபிளில் (நீளமும் குறுக்கமுமாகத் துள்ளும் நடையில்) ஓடுகின்றன. தொடக்கத்தில் டிரம்ஸ் கிளம்பிவிட, எந்தச் சுருதி என்று மார்சாலிஸ் கத்திக் கேட்பதும் பதிவில் அப்படியே இருக்கிறது. அந்தக் குரலை வெட்டாமல் விட்டதே ஒரு முடிவு. இது ஒன்றாக நின்று வாசித்த குழு என்று கேட்பவனுக்கு அந்த ஒரு விநாடி சொல்லிவிடுகிறது. சதுஸ்ர நடையில் (அடியை நான்காகப் பிரிப்பது) இருந்த பாட்டைத் திஸ்ரத்துக்கு (மூன்றாகப் பிரிப்பது) மாற்றினால் அதே மெட்டு எப்படி வேறு ஆளாகிறது என்பதை இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரிந்துகொள்ளலாம். புதிதாகக் கூடும் குழு, எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாட்டை எடுத்து மெதுவான நேர் நடை, நடுத்தர ஷஃபிள், வேகமான ஸ்விங் என மூன்று விதமாக வாசித்துப் பார்ப்பது முதல் நாள் வேலையாக இருக்கலாம். எச்சரிக்கை ஒன்று: வேகம் ஏற ஏற ஸ்விங்கின் நெடில்-குறில் வித்தியாசம் குறைந்து நேர் நடைக்கு அருகே போகும். மிக வேகத்தில் டிரம்மர் பிடிவாதமாகத் திஸ்ரத்தையே அடித்தால் பாட்டு நொண்டும்.

'இஃப் யூ லவ் சம்படி செட் தெம் ஃப்ரீ', 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டுக்கு ஸ்டிங் தானே எழுதிய மறுமொழி. அமெரிக்காவில் 3ஆம் இடம் வரை போனது. கார்டுகளில் சிக்கல் அதிகமில்லை. ஹக்கீமின் ஸ்னேர் டிரம் 2, 4 என்ற இரு அடிகளையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது, அதன் மேல் கிர்க்லண்டின் ஆர்கனும் பின்குரல்களும் பேசுகின்றன. 'ஃபோர்ட்ரஸ் அரவுண்டு யுவர் ஹார்ட்' இதற்கு நேர்மாறு. சரணத்தில் சுருதி மாறிக்கொண்டே போய், பல்லவியில் எளிய மேஜரில் வந்து இறங்குகிறது. கேட்பவனுக்கு அந்த இறக்கம் தரும் நிம்மதிதான் பாட்டின் உயிர். இப்படி எழுத நினைப்பவர்கள் பல்லவியை முதலில் எழுதி, அதற்கு எவ்வளவு தூரத்திலிருந்து வரலாம் என்று பின்னோக்கி யோசிப்பது உதவும்.

'சில்ட்ரன்ஸ் குரூசேட்' மும்மை நடையில் நகர்கிறது. முதல் உலகப் போரில் மடிந்த இளைஞர்களையும், 1984இன் லண்டனில் ஹெராயினுக்கு இரையானவர்களையும் பாப்பி மலர் இணைக்கிறது. மார்சாலிஸின் சொப்ரானோ சாக்ஸ் (உயர்ந்த ஸ்தாயியில் ஒலிப்பது) இங்கே விரிந்து உயர்கிறது. ஆல்பத்தின் உச்சம் என்று இதையே சொல்வோம்.

'வி வொர்க் தி பிளாக் சீம்' பிரிட்டனின் 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றியது. திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்த் வடிவத்தின் மேல் நிற்கும் பாட்டு. நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் 1913 அக்டோபரில் இந்தியத் தொழிலாளர்கள் 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலையை நிறுத்தியபோது, அவர்களைத் தூண்டியெழுப்பியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நம் வீட்டுக் கதையாகவே இருக்கும் இப்படி ஒரு பொருளை எடுத்துப் பாட்டெழுத இங்குள்ள யாரும் தயங்க வேண்டியதில்லை. இசையில் ஜாஸ் இருப்பதால் வரிகள் காதலையே சுற்ற வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

குறைபட்ட இடங்கள்

'ரஷ்யன்ஸ்' உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. புரோகோஃபியேவின் 'லெப்டினன்ட் கிஜே' இசையிலிருந்து எடுத்த மெட்டு அதில் வருகிறது. ஆனால் இவ்வளவு பெரிய குழு வைத்துக்கொண்டு அதில் குழுவுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. தலைப்புப் பாட்டான 'தி ட்ரீம் ஆஃப் தி ப்ளூ டர்ட்டில்ஸ்' வாத்தியம் மட்டும். குழு முழுச் சுதந்திரமாக வாசிப்பது இங்கேதான், ஆனால் 1 நிமிடம் 15 விநாடியில் முடிந்துவிடுகிறது. அதை 4 நிமிடமாக்கும் துணிவு இருந்திருந்தால் ஆல்பத்தின் எடையே மாறியிருக்கும். பாப் வாடிக்கையாளர் ஓடிவிடுவாரோ என்ற தயக்கம் இதில் கேட்கிறது. ஆல்பம் அமெரிக்காவில் 2ஆம் இடமும் பிரிட்டனில் 3ஆம் இடமும் பெற்றது, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது. அந்த வாடிக்கையாளர் ஓடவில்லை.

டர்பனில் செய்வதானால்

முதலில் சுருதி. ராக் பாட்டு கிட்டாருக்கு வசதியான இ, ஏ சுருதிகளில் பிறக்கும். சொப்ரானோ சாக்ஸும் அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் டெனர் சாக்ஸும் பி ஃபிளாட் வாத்தியங்கள் (எழுதிய சி, பி ஃபிளாட்டாக ஒலிக்கும்): அவற்றை வாசிப்பவர்களுக்கு எழுதும்போது ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுத வேண்டும். இ மேஜர் அவர்களுக்கு எஃப் ஷார்ப் ஆகி 6 ஷார்ப் விழும், ஏ மேஜர் பி ஆகி 5 ஷார்ப். ஆல்ட்டோ சாக்ஸுக்கு இ மேஜர் 7 ஷார்ப் வரை போகும். படித்தவர் சமாளிப்பார், ஆனால் தனி வாசிப்பில் விரல் தயங்கும், பழகிய பிடிகளுக்குள்ளேயே சுற்றிவருவார். பாட்டை அரை ஸ்வரம் இறக்கி இ ஃபிளாட்டில் வையுங்கள், சொப்ரானோவுக்கு எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட். கிட்டாரை அரை ஸ்வரம் தளர்த்திக்கொண்டால் பழைய விரல் பிடிகளே போதும்.

அடுத்து எந்த சாக்ஸ் என்பது. ஆண் குரலின் பாடும் எல்லை சுமார் 130 ஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை. டெனர் சாக்ஸ் சுமார் 104இல் தொடங்கி 660 வரை போவதால் குரலின் இடத்தில் முழுதாக உட்கார்ந்துகொள்ளும். சொப்ரானோ 208இல் தொடங்கி 1,300ஐத் தொடும், குரலுக்கு மேலே அதற்கென்று தனி இடம் இருக்கிறது. இந்த ஆல்பத்தில் சொப்ரானோ எப்போதும் குரலோடு மோதாமல் ஒலிப்பதற்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, மார்சாலிஸ் வரி முடிந்த இடைவெளியில் மட்டுமே பேசுகிறார் என்பது. டெனர்தான் கிடைக்கிறதென்றால் குரல் வரும் இடத்தில் அது மௌனமாக இருக்கட்டும், தனி வாசிப்புக்கு மட்டும் வரட்டும்.

கீபோர்டும் கிட்டாரும் சேர்ந்து ஒலியைக் குழப்புவதுதான் இங்கே நாம் அடிக்கடி கேட்கும் கோளாறு. இருவரும் ஆறு ஸ்வரக் கார்டை முழுதாக அமுக்கினால் பேஸ் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆதார ஸ்வரத்தைப் பேஸுக்கே விட்டுவிட்டு, கீபோர்டின் இடது கை காந்தாரத்தையும் நிஷாதத்தையும் மட்டும் பிடிக்க வேண்டும். சி செவன்த் என்றால் இ, பி ஃபிளாட் இரண்டு மட்டும். வலது கை 9ஆம், 13ஆம் ஸ்வரங்களை (மேல் ஸ்தாயியின் ரிஷபம், தைவதம்) தொட்டுக்கொள்ளலாம். கிட்டார் மேலுள்ள இரண்டு மூன்று தந்தியோடு நிற்கட்டும். சர்ச்சிலோ பஜனையிலோ தனியாக வாசித்துப் பழகிய கீபோர்டுக்காரருக்கு ஆதார ஸ்வரத்தை விடுவது மிகக் கஷ்டம். ஒரு வாரம் இடது கையைக் கட்டிப்போட்டதுபோல் ஒத்திகை நடத்த வேண்டியிருக்கும்.

ஒலிப்பதிவில் எல்லோரும் ஒரே அறையில் வாசித்தால் உயிர் இருக்கும், கசிவும் (ஒன்றின் ஒலி இன்னொன்றின் மைக்கில் புகுவது) இருக்கும். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கு இடையே இருக்கட்டும். சொப்ரானோவின் ஒலி கீழ்முனைப் புனலில் மட்டும் வருவதில்லை, சாவித் துளைகள் வழியாகவும் வருகிறது. புனலுக்குள் மைக்கைத் திணித்தால் கீச்சென்று குத்தும். 30 முதல் 40 செ.மீ. தள்ளி, வாத்தியத்தின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். பேஸை மைக் இல்லாமல், நேரடி இணைப்புப் பெட்டி (டிஐ) வழி எடுங்கள். வழிகாட்டிக் குரலை (வாசிப்பவர்கள் பின்பற்றுவதற்காக மட்டும் பாடும் தற்காலிகக் குரலை) தனி அறையில் பாடவையுங்கள். அது டிரம்ஸ் மைக்கில் கசிந்தால், பிறகு புதிதாகப் பாடும் குரலுக்குப் பின்னால் பழைய குரல் நிழலாடும். அதை எந்தக் கருவியாலும் முழுதாக அகற்ற முடியாது.

டர்பனின் கோடை ஈரம் தனிப் பிரச்சினை. ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை உப்பி, நடு ஸ்தாயி ஏறும். சாக்ஸுக்கு உள்ளிருக்கும் காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் சுருதி சுமார் 3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். காலையில் குளிர்ந்த அறையில் ஒத்துப்போன சொப்ரானோ மதியம் ஒத்துவராது. ஸ்டூடியோவின் ஏசியை ஒரே அளவில் வைத்து, வாசிப்பவர் 20 நிமிடம் ஊதிய பிறகு சுருதி சேர்ப்பது வழி. அக்கூஸ்டிக் பியானோ என்றால் பதிவு நாள் காலையிலேயே சுருதி கூட்ட ஆள் வரட்டும்.

பணப் பேச்சு

மைக்கேல் ஆப்டெட் எடுத்த 'பிரிங் ஆன் தி நைட்' ஆவணப்படம் (1985) பாரிஸுக்கு அருகே கூர்சோன் மாளிகையில் நடந்த ஒத்திகையைக் காட்டுகிறது. இது உண்மையிலேயே குழுவா, அல்லது ஒரு நட்சத்திரமும் கூலிக்கு வந்தவர்களுமா என்ற பேச்சை அந்தப் படம் மறைக்கவில்லை. இங்கேயும் அதே கேள்வி வரும், பெரும்பாலும் மூன்றாவது கச்சேரிக்குப் பிறகு, கோபத்தோடு வரும். முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: நாள் கூலியா, பங்கா. தென்னாப்பிரிக்காவில் உரிமைத் தொகையை வசூலிக்கும் அமைப்புகள் மூன்று உண்டு: பாட்டெழுதியவருக்கான நிகழ்த்து உரிமைத் தொகை சாம்ரோ வழி வரும், பிரதி உரிமைத் தொகை கபாஸோ வழி. பதிவில் வாசித்த கலைஞருக்கு ஒலிபரப்புத் தொகை சாம்ப்ரா வழி வரும். ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் யார் என்ன வாசித்தார் என்ற பட்டியல் பதிவு நாளிலேயே தயாராகி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். சாக்ஸ் வாசிப்பாளர் போட்ட ஒரு மெட்டுத் துணுக்கு பாட்டின் அடையாளமாகிவிட்டால் அவருக்கு எழுத்துரிமையில் பங்கு உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுவது நியாயம்.

மேடையில்

ஆல்பத்தில் சுருக்கிய நிரவல் மேடையில் விரிந்தது. 1986இல் வந்த 'பிரிங் ஆன் தி நைட்' இரட்டை நேரலை ஆல்பத்தில் போலீஸ் காலத்துப் பாட்டுகள் இரண்டை இணைத்து 11 நிமிடத்துக்கு மேல் வாசிக்கிறார்கள். அதில் கிர்க்லண்டின் பியானோ தனி, இந்தக் குழு கூடியதற்கே போதுமான காரணம். 1988இல் அந்த ஆல்பத்துக்காக ஸ்டிங் கிராமி வாங்கினார். கிர்க்லண்டு 1998இல் காலமானார். அவரைக் கேட்காதவர்கள் இந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்.

பாட்டை இப்படி நீட்ட, சரணத்தின் முழுக் கார்டு வரிசையை வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கார்டு மட்டும் சுழலும் 4 அல்லது 8 பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) பகுதி ஒன்றைப் பாட்டின் முடிவுக்கு முன் எழுதிவையுங்கள். தனி வாசிப்பவர் முதல் சுற்றில் மெட்டை ஒட்டியும் பிறகு விலகியும் போகட்டும். டிரம்மர் உடனே சத்தத்தை ஏற்றிவிட்டால் உச்சத்துக்கு இடம் மிஞ்சாது, எனவே முதல் இரண்டு சுற்றுக்கு ஹைஹேட்டிலேயே (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளத்தட்டிலேயே) இருக்கட்டும். முடிவுக்கு 8 பார் முன்னதாகப் பாடகர் கையை உயர்த்துவது, கடைசி 2 பாரில் பேஸ் ஆதார ஸ்வரத்தில் நிற்பது என்று இரண்டே சைகை போதும். பாடகர் அந்த நேரத்தில் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து வாசிப்பவரைப் பார்த்து நிற்க வேண்டும், அரங்கின் கண்ணும் அங்கே போகும்.